எத்துணை விரைவு வேண்டும்?

விரைவை விரும்பாத காலம் என ஒன்று மனித வரலாற்றில் இருந்ததாகத் தெரியவில்லை. நடந்து சென்றவன் வண்டியை அமைத்தான். வண்டியில் சென்றவன் புகைவண்டியைக் கண்டான். ஓலை கொண்டு ஓடிய தூதுவனின் இடத்தை அஞ்சல் பிடித்தது. அஞ்சலை முந்திக்கொண்டு தந்தி வந்தது. ஒரு காலத்தில் வீட்டு வாயிலில் தந்திக்காரர் நின்றாலே நெஞ்சம் பதறிய நாடு இது. அத்தந்தியும் 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்தியாவில் விடைபெற்றுச் சென்றது. இன்று நம் இல்லங்களில் விரைவு என்றால் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது இணையத்தின் விரைவே. பிராட்பேண்டு எனப் பலரும் வழங்கும் அகலப்பட்டை இணைப்பு, மின்சாரம், குடிநீர் ஆகியவற்றை அடுத்து வீட்டுச் செலவுப் பட்டியலில் நிலையாக இடம்பெற்றுவிட்டது.

இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. நாற்பது போதும் என்றிருப்பவரிடம் நூறு வாங்குக என்கின்றனர். நூறு வாங்கியவரிடம் இருநூறு, முந்நூறு, ஆயிரம் என ஆசை காட்டுகின்றனர். மாதந்தோறும் கூடுதல் பணம் கொடுத்து நாம் வாங்கும் விரைவு, அப்பணத்துக்கு ஈடான பயனை நல்குகின்றதா? மொழி பயிற்றுவிக்கும் நாம் பொறியியல் பேசலாமா எனச் சிலர் ஐயுறக்கூடும். மாதக் கட்டணம் செலுத்தும் எவருக்கும் தாம் எதற்குச் செலுத்துகின்றோம் என்று கேட்கும் உரிமை உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாய்மொழி. அளந்து பார்த்ததை ஈண்டு எழுதுகின்றோம்.

வந்த வழி

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்ட நாள் 1995 ஆகஸ்டு 15. விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் அச்சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே மோடம் என்னும் கருவி கூவிக் கூவி இணைப்பைத் தேடிய காலம் அது. தொடக்கத்தில் நொடிக்கு 9.6 கிலோபிட் என்னும் அளவிலேயே செய்தி நகர்ந்தது. பின்னர் அது 56 கிலோபிட் வரை உயர்ந்தது. இணையத்தில் இருக்கும் நேரமெல்லாம் வீட்டுத் தொலைபேசி வேலை செய்யாது. வெளியிலிருந்து அழைப்போர்க்கு 'எங்கேஜ்' ஒலியே கேட்கும். தேர்வு முடிவு வெளிவரும் நாளில் பிரௌசிங் சென்டர் வாயிலில் மாணவர் கூட்டமும் பெற்றோர் கூட்டமும் முண்டியடித்து நின்ற காட்சியை நம் தலைமுறை ஆசிரியர்கள் மறந்திருக்க முடியாது.

2004ஆம் ஆண்டில் மத்திய அரசு அகலப்பட்டைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அஃது அகலப்பட்டை எனப்படும் என்று அக்கொள்கை வரையறுத்தது. மறு ஆண்டு பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் தன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபோது அந்த 256 நமக்குப் பெருவெள்ளமாகத் தோன்றியது. 2013இல் அவ்வரையறை 512 கிலோபிட்டாக உயர்ந்தது. 2023 சனவரியில் 2 மெகாபிட் ஆயிற்று. அமெரிக்க நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையமோ 2015இல் 25 மெகாபிட் என வகுத்திருந்த வரையறையை 2024 மார்ச்சில் 100 மெகாபிட்டாக உயர்த்தியது. பதிவேற்றத்துக்கு 20 மெகாபிட் வேண்டும் என்றும் கூறியது. ஒரு நாடு 2 என்கின்றது. மற்றொரு நாடு 100 என்கின்றது. தேவை என்பது காலத்தையும் இடத்தையும் ஒட்டி மாறுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வளர்ச்சியின் பயனை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஓர் ஆய்வு நூல் தொகுதியோ, பாடக் காட்சித் தொகுதியோ 1,500 மெகாபைட் அளவினது எனக் கொள்வோம். 256 கிலோபிட் இணைப்பில் அதனை இறக்க ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும். 40 மெகாபிட் இணைப்பில் 5 நிமிடம் ஆகும். 200 மெகாபிட் இணைப்பில் 1 நிமிடம் ஆகும். முதல் ஏற்றம் நமக்கு மிச்சப்படுத்தித் தந்தது ஏறத்தாழ 13 மணி நேரம். அடுத்த ஏற்றம் மிச்சப்படுத்தித் தருவது வெறும் 4 நிமிடம். பொருளியல் மாணவர்கள் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' எனப் படிப்பார்கள். பசித்தவனுக்கு முதல் இட்டிலி அமுதம். பத்தாவது இட்டிலி பாரம். இணைய விரைவும் அவ்விதிக்கு விலக்கன்று.

அளவைச் சொற்களின் பொருள்

இத்துறையில் மயக்கம் தரும் சொற்கள் சில உள. முதலாவது, பிட் என்பதும் பைட் என்பதும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். விரைவைப் பிட்டில் விற்கின்றனர். கோப்பின் அளவையோ பைட்டில் காட்டுகின்றனர். ஆதலின் 100 மெகாபிட் இணைப்பு வாங்கியவர், நொடிக்கு 100 மெகாபைட் வரும் என எதிர்பார்த்தல் கூடாது, 12.5 மெகாபைட்டே வரும். இதனை அறியாதார் நிறுவனம் தம்மை ஏமாற்றிவிட்டதாகச் சினங்கொள்வதுண்டு.

இரண்டாவது, விளம்பரங்களில் எண்ணை அடுத்து அடக்கமாக நிற்கும் 'வரை' என்னும் சொல். '200 மெகாபிட் வரை' என்கின்றனர். வரை என்பதற்கு மலை என்றும் எல்லை என்றும் தமிழில் பொருள் உண்டு. வாங்குவோர் கண்ணுக்கு அது மலையாகத் தெரிகின்றது. விற்போர் கருதுவதோ எல்லையை. அதற்குமேல் வாராது என்பதே அதன் பொருள். எப்பொழுதும் அவ்வளவு வரும் என்பது அன்று. காரணம் உண்டு. நம் தெருவுக்கு வரும் ஒளியிழை ஒன்று பல வீடுகளுக்குப் பிரிக்கப்படுகின்றது. பரவலாக வழக்கிலுள்ள ஜிபான் என்னும் முறையில் ஓர் இழை ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் சுமந்து வருகின்றது. அதனை 32 அல்லது 64 இல்லங்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஊர்க் குளத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை என்னும் நம்பிக்கையில் நடைபெறும் ஏற்பாடு இது. பெரும்பாலும் நன்றாகவே நடைபெறுகின்றது.

மூன்றாவது, 'அளவற்றது' என்னும் சொல். குறிப்பிட்ட அளவைக் கடந்தபின் விரைவு குறைக்கப்படும் திட்டங்கள் பல. அவ்வாறு குறைப்பதாயினும் வீட்டு அகலப்பட்டையில் 512 கிலோபிட்டுக்குக் கீழே செல்லலாகாது என 2016 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பணித்தது. எல்லை எவ்வளவு, அதன்பின் விரைவு எவ்வளவு என்னும் இரண்டையும் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுதல் நன்று.

நம் இல்லத்துக் கணக்கு

நம் இல்லத்தில் ஐவர் வாழ்கின்றோம். 40 மெகாபிட் இணைப்பு ஒன்று உள்ளது. முன் கூடத்தில் தொலைக்காட்சி. நடு அறையில் மகனின் கணினி. பின்கட்டில் அன்னையாரின் அறை. அன்னையார்க்குச் செவிப்புலன் சற்று மங்கிவிட்டது. எதிரே இருப்பவரின் உதட்டசைவைக் கண்டே பாதிச் சொற்களை அறிந்துகொள்வார். குவைத்தில் பணிபுரியும் தம்பி வெள்ளிக்கிழமைதோறும் காணொளியில் அழைப்பான். அந்த அரைமணி நேரமே அன்னையார்க்கு அவ்வாரத்தின் நிறைவு.

சில திங்களாக அவ்வழைப்பு தடுமாறத் தொடங்கியது. படம் உறைந்து நிற்கும். குரல் பின்னால் வரும். சில வேளை குரல் முன்னால் வந்து உதடு பின்னால் அசையும். நல்ல செவியுடையார்க்கு இது சிறு தொல்லை. உதட்டைப் படிப்பவர்க்கோ உரையாடலே இல்லாமற் போகின்றது. "முகம் தெரிகிறது, அவன் சொல்வதுதான் தெரியவில்லை" என்று கைபேசியை நம்மிடம் நீட்டிவிட்டு அன்னையார் ஒதுங்கிக்கொள்வார். அழைப்பின் நேரம் அரைமணியிலிருந்து பத்து நிமிடமாகச் சுருங்கியது.

இணைப்பு வழங்கும் நிறுவனத்தை அழைத்துக் கேட்டோம். "இருநூறுக்கு மாறிவிடுங்கள் ஐயா, எல்லாம் சரியாகிவிடும்" என்பதே விடை. அந்நாளில் அந்நிறுவனத்தின் பட்டியலில் 40 மெகாபிட்டுக்கு மாதம் 499 ரூபாய்; 200 மெகாபிட்டுக்கு 999 ரூபாய். விழுக்காடு பதினெட்டு வரியும் சேர்த்துக் கணக்கிட்டால் மாதம் 590 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு 7,080 ரூபாய். அன்னையாரின் மகிழ்ச்சிக்கு அது பெரிய விலையன்று. அவ்விலையைக் கொடுத்தால் அம்மகிழ்ச்சி கிட்டுமா என்பதே நாம் கேட்டுக்கொண்ட வினா.

முதலில் நம் தேவையைக் கூட்டிப் பார்த்தோம். உயர்தெளிவுத் திரைப்படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும் என்றும், நான்கு மடங்கு தெளிவுடைய 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேண்டும் என்றும் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே கூறுகின்றது. ஜூம் வழி நடைபெறும் கூட்டத்துக்கு மிக உயர்ந்த தெளிவிலும் 4 மெகாபிட்டுக்கு மேல் வேண்டுவதில்லை. தொலைக்காட்சி ஒன்று, இணையவழிக் கூட்டம் ஒன்று, காணொளி அழைப்பு ஒன்று, கைபேசிகள் இரண்டு எனக் கொண்டாலும் கூட்டுத்தொகை 20 மெகாபிட்டைத் தாண்டவில்லை. நாற்பதில் பாதிதான் செலவாகின்றது. வீட்டுக்குள் வரும் நீர் போதுமானதாக இருந்தும் பின்கட்டுக் குழாயில் நீர் வரவில்லை என்றால் பிழை தொட்டியிலா, குழாயிலா?

அளந்து கண்டது

இதே தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர் அதே நிறுவனத்தின் 200 மெகாபிட் இணைப்பை வைத்துள்ளார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, ஒரே கைபேசியைக் கொண்டு இரு இல்லங்களிலும் அளந்தோம். நம் இல்லத்தில் ரவுட்டர் அருகே 38 மெகாபிட் கிடைத்தது. நண்பர் இல்லத்தில் 190. நிறுவனம் சொன்ன சொல்லைக் காத்தே வந்துள்ளது. செய்தித்தாள் பக்கங்களையும் பல்கலைக்கழகப் பக்கங்களையும் திறந்து பார்த்தோம். இரு வீடுகளிலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. பெரிய கோப்பு ஒன்றை இறக்கியபோது மட்டும் நண்பர் இல்லத்து விரைவு தன் வலிமையைக் காட்டியது.

பின்னர் நம் அன்னையாரின் அறைக்குச் சென்று அளந்தோம். 38 அங்கே 5 ஆகிவிட்டது. அதுவும் நிலையாக நில்லாமல் ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையே ஊசலாடியது. நண்பர் இல்லத்துப் பின்கட்டில் 190 என்பது 11 ஆகிச் சுருங்கியது. சுவர்களைக் கடந்து செல்லும்போது நாற்பதும் இருநூறும் ஏறத்தாழ ஒரே நிலையை அடைகின்றன என்பது அன்று விளங்கிற்று.

இதன் காரணம் வைஃபை அலைகளின் இயல்பில் உள்ளது. வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை மிகுதியாகச் சுமக்கும். ஆயின் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஊடுருவிச் செல்லும். ஆயின் குறைவாகச் சுமக்கும். அண்டை வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே வரிசையில் முட்டிக்கொள்ளும். நம் வீடு பழைய வீடு. சுவர்கள் ஒன்றரை அடிப் பருமன். இணைப்புப் பொருத்த வந்தோர் கம்பி நுழைவதற்கு எளிது என்று வாயிலருகே ரவுட்டரை அறைந்துவிட்டுச் சென்றிருந்தனர். அதன் அலைகளில் பாதி தெருவுக்கே பயன்பட்டன.

ஒரு தொழில்நுட்பரை அழைத்து ரவுட்டரை வீட்டின் நடுவே மாற்றினோம். தொலைக்காட்சிக்குக் கம்பியால் நேர் இணைப்புக் கொடுத்தோம். அதனால் வைஃபையின் சுமையும் குறைந்தது. கம்பிக்கும் கூலிக்குமாக ஒரு முறைச் செலவு 900 ரூபாய். பின்கட்டில் அளந்தபோது 31 மெகாபிட் நிலையாக நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை தம்பியும் அன்னையாரும் நாற்பது நிமிடம் பேசினர். இருநூறு வாங்கியிருந்தாலும் இது கிட்டியிராது. ஆண்டுக்கு 7,080 ரூபாய் மட்டும் சென்றிருக்கும்.

விரைவும் சுணக்கமும்

அளவு வேறு, சுணக்கம் வேறு என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். நாம் ஒரு பொத்தானை அழுத்தியபின் மறுமுனையிலிருந்து முதல் விடை வந்துசேர ஆகும் காலமே சுணக்கம். நூறு பேர் ஏறும் பேருந்தாயினும் ஐம்பது பேர் ஏறும் பேருந்தாயினும் சென்னை சென்றுசேரும் நேரம் ஒன்றே. மெகாபிட் என்பது இருக்கைகளின் எண்ணிக்கை. சுணக்கம் என்பது பயண நேரம்.

அந்தமான் தீவுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. நெடுங்காலம் அத்தீவுகள் செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்தன. நிலவுலகுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு ஒளியின் விரைவில் செய்தி ஏறி இறங்கினாலும், கேள்வியும் விடையுமாகச் சென்று மீள ஏறத்தாழ அரை நொடி ஆகிவிடும். எத்துணைப் பணம் கொடுத்தாலும் இயற்கை விதித்த அந்த அரை நொடியைக் குறைக்க இயலாது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் பிற தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை தொடங்கிவைக்கப்பட்டது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அந்த முழு நீளத்தையும் சென்று மீண்டாலும் நொடியில் ஆயிரத்தில் 23 பங்கே ஆகும். மெகாபிட் பெருகியதோடு அரை நொடியும் அகன்றது.

2010ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய மைக் பெல்ஷி என்னும் பொறியாளர் இதனை ஆய்ந்து காட்டினார். இணைப்பின் அளவை 5 மெகாபிட்டிலிருந்து 10 மெகாபிட்டாக இரட்டித்தபோது இணையப் பக்கம் திறக்கும் நேரம் ஏறத்தாழ 5 விழுக்காடே குறைந்தது. சுணக்கத்தைக் குறைத்தபோதோ, குறைத்த அளவுக்கு ஏற்பப் பக்கமும் விரைந்து திறந்தது. ஓர் இணையப் பக்கம் சின்னஞ்சிறு துண்டுகள் பலவற்றால் ஆனது. ஒவ்வொன்றையும் கேட்டுப் பெறுவதற்குள் பலமுறை சென்று மீள வேண்டியுள்ளது. நடை மிகும்போது கூடை பெரிதாக இருந்து பயன் என்ன? செப்புக் கம்பியிலிருந்து ஒளியிழைக்கு மாறியவர் உணரும் இன்பத்தில், கூடிய மெகாபிட்டுக்கு இருப்பது போலவே குறைந்த சுணக்கத்துக்கும் பங்கு உண்டு. ஒளியிழையில் நாற்பது வாங்கியவரும் இருநூறு வாங்கியவரும் அந்தப் பங்கைச் சமமாகவே பெறுகின்றனர்.

யாருக்கு மிகுவிரைவு தகும்?

இதுகாறும் கூறியவற்றால் மிகுவிரைவு எவர்க்கும் வேண்டா என நாம் கூறுவதாகக் கொள்ளற்க. நம் தெருவின் மூலையில் நிழற்படக் கலைஞர் ஒருவர் கடை வைத்துள்ளார். திருமண ஒளிப்பதிவுகளை வெளியூர்த் தொகுப்பாளர்க்கு அனுப்புவது அவர் தொழில். ஒரு திருமணப் பதிவு 50 ஜிகாபைட் எனக் கொண்டால், 40 மெகாபிட் பதிவேற்றத்தில் ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் ஆகும். 200 மெகாபிட்டில் 33 நிமிடம் ஆகும். நாளுக்கு இரண்டு பதிவுகள் அனுப்புவோர்க்கு அந்த விரைவு, கொடுத்த பணத்தை மீட்டுத் தரும். ஆயினும் அவரும் கேட்டறிய வேண்டியது பதிவேற்ற விரைவையே. சில திட்டங்களில் இறக்கம் மலைபோலவும் ஏற்றம் மடுப்போலவும் இருக்கும்.

பலர் ஒருங்கே பயன்படுத்தும் இடங்களுக்கும் மிகுவிரைவு தகும். கல்லூரி நூலகத்தில் நூறு மாணவர்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கு 2 மெகாபிட் வேண்டினால் 200 மெகாபிட் தேவை. விடுதிக்கு இன்னும் மிகும். ஐவர் வாழும் இல்லத்தில் உறங்கிக் கிடக்கும் விரைவு, நூறு பேர் அமரும் நூலகத்தில் உழைக்கும். விரைவின் மதிப்பு அதனைப் பகிர்வோர் தொகையால் பெருகுகின்றது.

ஓர் இல்லமும் மற்றோர் இல்லமும்

நாம் செலுத்தாமல் விட்ட 590 ரூபாயின் கதையையும் கூறிவிடுகின்றோம். நம் தங்கை பக்கத்துச் சிற்றூரில் வாழ்கின்றாள். கணவர் மறைந்தபின் தையல் தொழிலால் இரு பெண்மக்களைப் படிக்க வைக்கின்றாள். மூத்தவள் இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு. இளையவள் பன்னிரண்டாம் வகுப்பு. அவ்வீட்டில் இருப்பது ஒரே கைபேசி, நாளுக்கு 1.5 ஜிகாபைட் அளவு.

ஐ.ஐ.டி.க்களின் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2017இல் தொடங்கப்பெற்ற சுவயம் தளத்தில் பயின்று, பட்டத்துக்குரிய மதிப்பலகுகளில் 40 விழுக்காடு வரை பெறலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்தது. கதவு திறந்தே இருக்கின்றது. உள்ளே செல்லும் படிக்கட்டு வேண்டும். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் பாடம் ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட் எடுத்துக்கொள்ளும். மூன்று மணி நேரத்தில் அந்த நாளின் அளவு ஏறத்தாழ முடிந்துவிடும். மூத்தவள் படித்தால் இளையவள் காத்திருக்க வேண்டும். தையலுக்கு அழைப்பு வந்தால் இருவரும் காத்திருக்க வேண்டும். 2020இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடிய நாள்களில் அவ்விருவரும் முறைவைத்துப் படித்ததை நாம் கண்டுள்ளோம். பள்ளி திறந்தபின் ஊர் அதனை மறந்தது. அவ்வீட்டின் நிலை மாறவில்லை.

499 ரூபாய் இணைப்புக்கு வரியோடு மாதம் 589 ரூபாய் ஆகும். இருநூறுக்கு மாற நாம் செலுத்தவிருந்த கூடுதல் தொகை 590 ரூபாய். ஏறத்தாழ ஒன்றே. நாற்பதை இருநூறாக்கும் பணமும், ஒன்றுமில்லாத வீட்டில் நாற்பதை வைக்கும் பணமும் சமமாக இருத்தலைக் கண்டபோது, இனி எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லை என உணர்ந்தோம். அச்சிற்றூருக்கு ஒளியிழை வந்திருந்தது. தங்கை இல்லத்தில் இணைப்பைப் பொருத்தச் செய்தோம். மூத்தவள் அப்பருவத்திலேயே சுவயம் பாடம் ஒன்றில் பதிந்துகொண்டாள். பழைய மடிக்கணினி ஒன்றை நண்பர் கொடுத்து உதவினார். நம் இல்லத்தில் நான்கு நிமிடம் மிச்சமாகியிருக்கும். அவ்வில்லத்தில் இரு பெண்களுக்கு மாலைப் பொழுது முழுவதும் கிடைத்தது.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

மாணவச் செல்வங்களே! விரைவு வாங்குமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். எது மெதுவாக இருக்கின்றது: இறக்கமா, ஏற்றமா, சுணக்கமா, வீட்டினுள் அலை பரவும் முறையா? ரவுட்டர் அருகே அளந்தால் எவ்வளவு, அமர்ந்து படிக்கும் இடத்தில் அளந்தால் எவ்வளவு? வீட்டில் அனைவரும் ஒருங்கே பயன்படுத்தினால் கூட்டுத்தொகை எவ்வளவு? கூடுதலாகச் செலுத்தும் பணம் ஆண்டுக்கு எவ்வளவு? இந்நான்குக்கும் விடை கண்டபின் மிகுவிரைவு வேண்டும் என அறிவு கூறினால் தயங்காது வாங்குங்கள். அறிவு கூறுமுன் விளம்பரம் கூறினால் சற்றுப் பொறுங்கள்.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். இந்திய நாட்டின் இணைய இணைப்புகளில் மிகப் பெரும்பகுதி கைபேசி வழியானவையே. கம்பி வழி இணைப்புடைய இல்லங்கள் சிலவே. ஒரு தெருவில் ஒரு படிப்பகம், அதில் ஓர் இணைப்பு, நான்கு மேசை, நான்கு நாற்காலி, மாலை ஆறு முதல் ஒன்பது வரை விளக்கொளி: இவ்வளவு போதும். நூறு மெகாபிட் இணைப்பு ஒன்று அங்கே இருபது மாணவர்க்குப் பாடம் காட்டும். தம் இல்லத்து விரைவை இரட்டிப்பாக்க எண்ணும் நால்வர் ஒன்றுகூடினால் அதன் மாதச் செலவு எளிதாகத் தேறிவிடும்.

பத்தை நூறாக்குவது வசதி. இல்லாத இடத்தில் பத்தை வைப்பது வாழ்வு. நம் கையிலுள்ள பணம் இவ்விரண்டில் எதற்குச் செல்கின்றது என்பதை மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் நாளில் ஒரு முறை எண்ணிப் பார்ப்போமாக.